குறியும் மனமும்

(துரோணர் வைத்த தேர்வினையும் ஹெரிகல் எழுதிய நூலினையும் முன்வைத்து ஓர் ஆய்வு)

வகுப்பிலே மாணவன் ஒருவன் கவனஞ் சிதறியிருக்கக் காணும் ஆசிரியர், அவனுக்கு அருச்சுனன் கதையை எடுத்துரைப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். மரமும் கிளையும் இலையும் ஏனையோர் கண்ணிற் பட, அவன் கண்ணிற் பட்டது பறவையின் கண் ஒன்றே. ஆதலால் அவன் வில்லுக்கு விசயன் எனப் பெயர் பெற்றான். நீயும் அவ்வாறே மனத்தை ஒருமுகப்படுத்துவாயாக, என்பது அக்கதையினின்று பெறப்படும் அறிவுரை. இவ்வறிவுரையைக் கேளாது கல்லூரி வாழ்வை முடித்தவர் நம்முள் மிகச் சிலரே. ஆனால், அதனைக் கேட்ட மாத்திரத்தே மனம் ஒருமுகப்பட்டவர் எத்துணைப் பேர் என வினவின், விடை அத்துணை எளிதன்று. நல்ல அறிவுரை பயன்படாதொழியுமாயின், கேட்டவர் மீது மட்டும் குறை காண்பது நேர்மையாகாது. கதையை நாம் சரிவரப் படித்தோமா என்றும் ஆராய்தல் வேண்டும்.

அம்பு நாணை விட்டு நீங்கும் அக்கணத்தில் எய்வோனுடைய மனம் யாது செய்கின்றது? நனவுமனம் குறியை அளந்து கையை ஏவுகின்றதா? அன்றேல், நனவுமனம் ஒதுங்கி நிற்க, அடிமனம் தானே எய்துவிடுகின்றதா? வில்வித்தையைப் பற்றி எழுதியோர் இவ்விரண்டுள் ஒன்றைப் பற்றி நின்று மற்றதை மறுத்தலே பெருவழக்காக உள்ளது. இவ்விரு கொள்கைகளுக்கும் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவன இரண்டு. ஒன்று, நாம் அறிந்த துரோணர் கதை. மற்றது, ஒய்கன் ஹெரிகல் என்னும் ஜேர்மன் தத்துவப் பேராசிரியர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வில்வித்தையில் ஸென்' என்னும் சிறுநூல். முன்னையது ஒருமுகப்பட்ட பார்வையைப் போற்றுகின்றது; பின்னையது குறிபார்த்தலையே துறக்கச் சொல்கின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் துரோணர் கதை. வியாசபாரதத்து ஆதிபருவத்தில், செயற்கைப் பறவை ஒன்று மரத்தின் மீது வைக்கப்படுகின்றது. முதலில் அழைக்கப்பட்டவன் தருமன். யாது காண்கின்றாய் என ஆசிரியர் வினவ, மரத்தையும், தங்களையும், தம்பியரையும், பறவையையும் காண்கின்றேன் என்கின்றான். ஒதுங்கி நில் என்கின்றார் ஆசிரியர். ஏனையோரும் அவ்வாறே விடையிறுத்து விலக்கப்படுகின்றனர். இறுதியில் வந்த அருச்சுனன், பறவையை மட்டுமே காண்பதாகவும், அதிலும் தலையன்றி உடலைக் காணவில்லை எனவும் கூறி, அத்தலையை எய்து வீழ்த்துகின்றான். நாம் வழக்கமாகச் சொல்லும் 'கண்' அங்கு 'தலை' என்றே இருக்கின்றது. இது சிறு வேறுபாடே. பெரிய வேறுபாடு வேறோரிடத்தில் உளது. இத்தேர்வுக்கு முன்னர் அதே பருவத்திற் கூறப்படும் இரு நிகழ்ச்சிகளை நாம் விட்டுவிடுகின்றோம்.

அவற்றுள் முதலாவது, விளக்கு அணைந்த கதை. அருச்சுனனுக்கு இருளில் உணவு படைக்கலாகாது என மடைத்தொழிலாளனுக்குத் துரோணர் மறைவாகக் கட்டளையிட்டிருந்தார். ஒருநாள் அவன் உண்டுகொண்டிருக்கையில் காற்று வீசி விளக்கு அணைந்துபோயிற்று. ஆயினும் கை வழிதவறவில்லை. பழக்கத்தினாலே அது வாயைச் சென்றடைந்தது. அதனைக் கண்ணுற்ற அருச்சுனன், உணவுக்குப் பொருந்துவது அம்புக்கும் பொருந்துமன்றோ எனத் தெளிந்து, அன்று முதல் இரவிலும் எய்து பழகத் தொடங்கினான். இருளில் எழுந்த நாணொலியைக் கேட்டு ஓடிவந்த துரோணர் அவனைத் தழுவிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியின் பொருள் வெளிப்படை. பறவையின் தலையை மட்டுமே கண்ட அதே அருச்சுனன், அதற்கு முன்னரே யாதொன்றையும் காணாமல் எய்யப் பயின்றிருந்தான். தேர்வு நாளன்று அவன் நின்ற நிலை, பிடித்த பிடி, இழுத்த இழுப்பு ஆகியவை அவனுடைய கவனத்தை வேண்டி நிற்கவில்லை. அவற்றைக் கை அறிந்திருந்தது. எனவேதான் கவனம் முழுவதையும் குறிக்கே கொடுக்க அவனால் இயன்றது. பின்னிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னிகழ்ச்சியை விட்டுவிடுவோமாயின், விளைவைக் காரணமாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாகின்றோம். மன ஒருமை அருச்சுனனுடைய பயிற்சி ஈன்ற கனி; நாமோ அதனையே வித்தாக எண்ணி மாணவர் கையில் கொடுக்கின்றோம்.

இரண்டாவது நிகழ்ச்சி ஏகலைவன் கதை. ஆசிரியரால் ஏற்கப்படாத அவ்வேடுவன் மண்ணால் அவருருவமைத்து, அதன்முன் தானே பயின்று, குரைத்த நாயின் வாயில் ஏழு அம்புகளை ஒருங்கே செலுத்துமளவு கைவிரைவு பெற்றான். குருதக்கணையாக வலக்கைப் பெருவிரலைக் கொடுத்த பின்பு, எஞ்சிய விரல்களால் எய்து பார்த்தான். பண்டைய விரைவு இல்லாதொழிந்தது என்கின்றது இதிகாசம். அவனது பத்தி குறையவில்லை. மன ஒருமையும் குறைந்ததாகக் கூறப்படவில்லை. குறைந்தது ஒரு விரல். மன ஒருமையே வில்லாண்மையாயின் விரல் போனமையால் யாது போயிற்று? வித்தையின் பெரும்பகுதி அவ்விரலிலே, அதாவது ஆண்டுக்கணக்கான பழக்கம் படிந்திருந்த உறுப்பிலே, குடிகொண்டிருந்தது என்பதே விடை. அது துரோணருக்கும் தெரிந்திருந்தது. இல்லையேல் அவர் கேட்டிருக்கக்கூடிய பொருள்கள் பிற பல உள.

இனி, யப்பானுக்குச் செல்வோம். ஹெரிகல் 1924 முதல் 1929 வரை சென்டாய் நகரிலுள்ள தொஹோக்குப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். அக்காலத்தில் ஆவா கென்ஸோ (1880–1939) என்னும் புகழ்மிக்க ஆசானிடம் வில் பயின்றார். அவர் பயின்ற வில் ஏறக்குறைய இரண்டேகால் மீற்றர் நீளமுடையது. பிடி நடுவிலன்றிக் கீழ்ப்பாகத்தில் அமைந்தது. நாணைத் தோலுறையிட்ட பெருவிரல் இழுப்பது. இலக்கு 28 மீற்றர் தொலைவில் வைக்கப்படும் 36 சதமமீற்றர் விட்டமுள்ள வட்டம். ஆனால், பயில்வோன் நெடுங்காலம் அவ்விலக்கை நோக்கி எய்வதில்லை. சில அடி தூரத்தில் வைக்கப்பட்ட வைக்கோற் கட்டையே எய்து பழகுகின்றான். அந்தக் கட்டுக்குத் தவறுதல் என்பதில்லை. ஆதலின் கருத்து முழுவதும் விடுகையின் ஒழுங்கிலே நிற்கும்.

ஹெரிகலின் இடர்ப்பாடு விடுகையிலேதான். துப்பாக்கி சுட்டுப் பழகிய அவர், தாமாகவே விரலைத் திறந்து அம்பை விட முயன்றார். ஆசானோ, பனிச்சுமை தாங்கிய இலை தானே சாய்ந்து பனியை நழுவவிடுவது போல, விடுகை தானே நிகழவேண்டும் என்றார். ஹெரிகல் விடுமுறையொன்றில் தாமே ஓர் உபாயங் கண்டு, பெருவிரலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எய்து காட்ட, ஆசான் வில்லை வாங்கி வைத்துவிட்டு அவருக்குக் கற்பிக்கவே மறுத்தார். மன்னிப்பின் பின்னரே பாடந் தொடர்ந்தது. பின்னர் ஒருநாள், எய்தது 'நான்' அன்று, 'அது' எய்தது, என்னும் பொருள்படும் சொல்லால் ஆசான் அவருடைய விடுகையை ஏற்றுக்கொண்டதாக நூல் கூறுகின்றது. அந்த 'அது' யாது என்னும் வினாவே நூலின் உயிர்நாடி. ஹெரிகல் அதனை ஸென் பௌத்தத்தின் மறைபொருளாகக் கொண்டார். 1953இல் சுசுக்கியின் முன்னுரையுடன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், உலகத்தாரும் அவ்வாறே கொண்டனர்.

நூலின் உச்சக்கட்டம் ஓர் இரவுக் காட்சி. குறிபாராமல் எய்தல் கூடுமாயின் கண்ணைக் கட்டிக்கொண்டும் எய்தல் கூடுமே என ஹெரிகல் ஐயுற, ஆசான் அவரை இரவில் வரவழைக்கின்றார். இலக்கு இருளில் மூழ்கியிருக்கின்றது. அதன் முன்னே மெல்லிய ஊதுவத்தி ஒன்று மட்டும் புகைகின்றது. முதல் அம்பு இலக்கின் நடுவிற் பாய்கின்றது. இரண்டாவது அம்பு முதல் அம்பின் அடியைப் பிளந்துகொண்டு அதனருகே நிற்கின்றது. இங்கு கூர்ந்து நோக்கற்பாலது ஆசானின் விளக்கம். முதல் அம்பிற்கு ஆண்டுக்கணக்கான பழக்கத்தைக் காரணங் கூறலாம் என அவரே ஒப்புக்கொள்கின்றார். இரண்டாவது அம்பிற்கு யாது கூறுவாய் என்பதே அவரது வினா. எனவே, நூலின் மறைபொருட் கொள்கை முழுவதும் அந்த இரண்டாவது அம்பின் மீதே தங்கியுள்ளது.

அவ்வம்பின் நிலை யாது? யப்பானிய அறிஞர் யமாடா ஷோஜி 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இந்நூலை ஆதாரங்களோடு பரிசீலித்துள்ளார். ஆவா முறையாக ஸென் பயின்றவரல்லர் என்பதும், ஹெரிகலுக்கு யப்பானிய மொழித் தேர்ச்சி குறைவாதலின் பாடங்கள் கொமாச்சியா என்னும் பேராசிரியரின் மொழிபெயர்ப்பினூடாகவே நடைபெற்றன என்பதும், அவ்விரவில் அம்மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கவில்லை என்பதும் அவர் எடுத்துக்காட்டுவன. அன்றியும், அந்த இரண்டாவது அம்பு தற்செயலாக நிகழ்ந்ததே எனப் பிற்காலத்தில் ஆவா தம் மாணவர் ஒருவரிடம் கூறிய செய்தியையும் அவர் தருகின்றார். 'அது எய்தது' என்னும் சொற்றொடரும், நல்ல விடுகையைக் கண்ட ஆசான் 'அதுதான்' எனப் பாராட்டிய சாதாரணச் சொல் திரிந்து விளங்கப்பட்டதாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

இவ்வாராய்ச்சியின் பின் நம் கையில் எஞ்சுவது யாது? இரண்டாவது அம்பு தற்செயலாயின், எஞ்சியிருப்பது முதல் அம்பு. அதற்குக் காரணம் பழக்கம் என ஆசானே ஒப்பியுள்ளார். எனவே, சென்டாய் நகரத்து இருளும் அத்தினாபுரத்து இருளும் ஒன்றேயாகிவிடுகின்றன. விளக்கு அணைந்தபின் வாயைச் சென்றடைந்த கையும், ஊதுவத்திப் புகையின் முன் இலக்கைத் துளைத்த கையும் செய்தது ஒரே செயல். வேறுபாடு ஒன்றே. இதிகாச ஆசிரியர் அதனைப் பழக்கம் என்னும் எளிய சொல்லால் விளக்கி மேற்செல்கின்றார். தத்துவப் பேராசிரியர் அதற்கு 'அது' எனப் பெயரிட்டு வணங்குகின்றார். எந்த நூல் பழைமையானதோ அந்நூலே இவ்விடயத்தில் தெளிவுடையதாயிருத்தல் நம் சிந்தனைக்குரியது.

இதனால் ஹெரிகல் கூறியன யாவும் பொய் என்று கொள்ளுதல் தவறாகும். விடுகையை நனவுமனத்தால் ஏவுதல் அதனைக் கெடுக்கும் என்பது உண்மை. இன்றைய வில்லாளரிடையே குறியச்சம் எனத்தக்க ஒரு தொல்லை உண்டு. குறிகாட்டி இலக்கின் நடுவை நெருங்கியதும் கை பதறி அம்பை விட்டுவிடும்; அன்றேல் நடுவை அடையாமலே உறைந்து நிற்கும். இதற்குப் போட்டி வில்லாளர் கண்ட துணைகளுள் ஒன்று, வில்லிற் பொருத்தப்படும் மெல்லிய தகடு. அம்பு முழு அளவும் இழுக்கப்பட்டவுடன் அதன் முனையினின்று நழுவி அத்தகடு ஒலியெழுப்பும். ஒலி கேட்டதும் விரல்கள் விடும். விடும் வேளையைத் தீர்மானிக்கும் பொறுப்பு நனவுமனத்தினின்று நீக்கப்பட்டு ஒரு தகட்டிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பனி தாங்கிய இலையும் இவ்வுலோகத் தகடும் ஒரே நோய்க்குரிய இரு மருந்துகள்.

ஆயின் குறிபார்த்தலையே துறத்தல் வேண்டுமோ? வில்லின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. இங்கிலாந்தில் 1545ஆம் ஆண்டு வில்லைப் பற்றி நூலெழுதிய றொஜர் அஸ்கம், எய்வோன் அம்பை நோக்காது இலக்கையே நோக்குதல் வேண்டும் என்றார். மூன்று நூற்றாண்டின் பின்னர், 1856இல் நூலெழுதிய ஹொறஸ் போட், அம்பைச் செவியளவு இழுக்கும் பழைய முறையைக் கண்டித்தார். அம்பு கண்ணுக்கு நேர்கீழே அமைந்தாலன்றிக் கண்ணின் கோடும் அம்பின் கோடும் பொருந்தா என்று காரணங் காட்டி, நன்கறிந்தே குறிபார்க்கும் முறையை வகுத்தார். அவர் வெறும் ஏட்டறிஞரல்லர். 1849 தொடக்கம் பதினோர் ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டு வெற்றி வீரராயிருந்தவர். நனவுமனத்தின் ஆராய்ச்சியே அவரை அந்நிலைக்கு உயர்த்தியது. ஆனால், அவ்வாராய்ச்சி நடந்தது பயிற்சிக் களத்திலும் எழுதும் மேசையிலுமாம். அம்பு விடும் கணத்திலன்று.

இவ்வேறுபாட்டை அண்மைக்கால உளவியல் நன்கு விளக்குகின்றது. திறன் கற்றலில் மூன்று படிகள் உள என 1967இல் பிற்ஸ், பொஸ்னர் என்னும் அறிஞர் கூறினர். முதற்படியில் ஒவ்வோர் அசைவையும் அறிந்து செய்கின்றோம். இரண்டாம் படியில் பிழைகளைக் களைகின்றோம். மூன்றாம் படியில் செயல் தானே இயங்குகின்றது. 1998இல் வூல்வ் என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும், பனிச்சறுக்குப் பொறியிற் பயின்றோரை இரு வகையாக அறிவுறுத்தினர். தம் பாதத்தைக் கவனித்தோரினும், பாதத்தின் கீழிருந்த சில்லுகளைக் கவனித்தோரே நன்கு கற்றனர். 2001இல் பைலொக், கார் என்னும் இருவர், கொல்ப் ஆட்டத்தில் தேர்ந்தோர் தாம் சற்றுமுன் அடித்த அடியைப் பற்றிப் புதியோரினும் குறைவாகவே நினைவுகூர்கின்றனர் எனக் கண்டனர். கை அறிந்ததை மனம் பதிவுசெய்யவில்லை போலும். ஜோன் விக்கர்ஸ் என்னும் கனடா நாட்டறிஞர், தேர்ந்த விளையாட்டாளரின் கண் செயலுக்குச் சற்று முன்னர் இலக்கின் மீது நெடிது நிலைத்து நிற்பதைக் காட்டி, அதனை அமைதியான கண் என்றார்.

இம்முடிபுகளைக் கொண்டு துரோணரின் வினாவை மீண்டும் நோக்குக. யாது காண்கின்றாய் என்றே அவர் வினவினார். உன் தோள் எவ்வாறுள்ளது, விரல் எவ்வாறுள்ளது என வினவவில்லை. மாணவனுடைய கவனத்தை அவனுடலினின்று அகற்றி வெளியேயுள்ள குறியின் மீது நிறுத்தும் வினா அது. பழகிய கைக்கு அதனினும் சிறந்த துணை இல்லை. பழகாத கைக்கோ அவ்வினா யாதொரு பயனும் தராது. ஆதலின் நனவுமனமா, அடிமனமா என்னும் வழக்கு தவறாகத் தொடுக்கப்பட்ட வழக்கே. எங்கே எய்வது என்பது நனவுமனத்தின் தொழில்; எவ்வாறு எய்வது என்பது பழக்கத்தின் தொழில். ஒன்றின் தொழிலில் மற்றது தலையிடுங்கால் அம்பு பிறழும்.

பார்வையின் கூர்மை பற்றியும் ஒரு சொல். தென்கொரிய நாட்டு வில்லாளர் இம் டொங்யுன் 2012ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் விழாவின் தகுதிச் சுற்றில், 70 மீற்றர் தொலைவில் 72 அம்புகள் எய்து, 720 புள்ளிகளுள் 699 பெற்று அந்நாளைய உலகச் சாதனையை நிலைநாட்டினார். அவரது இடக்கண்ணின் பார்வை 20/200, வலக்கண்ணினது 20/100. பிறர் 200 அடியிற் காண்பதை அவ்விடக்கண் 20 அடியிலேதான் காணும். இலக்கின் நிறங்கள் அவருக்கு ஒன்றோடொன்று கலந்தே தோன்றின. பறவையின் கண்ணை அவர் காணவில்லை. பறவை இருக்குமிடத்தை மட்டுமே கண்டார். அது போதியதாயிற்று.

இதுகாறும் கூறியவற்றால் பழக்கமே யாவும் என எவரேனும் கொள்வராயின், அவருக்கு இதிகாசமே எச்சரிக்கை விடுக்கின்றது. சரயு நதிக்கரையில், இரவில், குடத்தில் நீர் புகும் ஒலியைக் கேட்ட தசரதன் அதனை யானையின் ஒலி எனக் கொண்டு அம்பு தொடுத்தான். ஒலிகேட்டு எய்யும் அவ்வித்தை பிழைக்கவில்லை. அம்பு சென்று தைத்தது. தைத்தது பார்வையற்ற பெற்றோரைப் பேணிய இளைஞன் மார்பில். கை செய்யவேண்டியதைச் செவ்வனே செய்தது. மனம் செய்யவேண்டியதைச் செய்யவில்லை. ஹெரிகலின் வாழ்க்கையும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. 'நான்' என்பதைத் துறத்தலைப் பற்றி அத்துணை அழகாக எழுதிய அவர், 1937ஆம் ஆண்டில் நாசிக் கட்சியில் உறுப்பினரானார். போரின் இறுதிக் காலத்தில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். வில்லே அவரை அவ்வழி செலுத்திற்று எனக் கூறுவது அநீதி. ஆனால், வில் அவரை அவ்வழியினின்று தடுக்கவுமில்லை. எவ்வாறு எய்வது என்பதைக் கற்பிக்கும் கலை, எதனை எய்வது என்பதைக் கற்பிப்பதில்லை.

இவ்வகையில், தேர்வில் தோற்ற தருமனுடைய விடைக்கும் ஒரு மதிப்புண்டு. மரத்தையும் ஆசிரியரையும் தம்பியரையும் ஒருங்கே கண்டவன் நல்ல வில்லாளனாகான். நல்ல அரசனாகத் தக்கவன் அவனே. தேர்வில் வென்ற அருச்சுனனும் பின்னொருநாள் அவன் கண்டதையே காண நேர்ந்தது. குருக்கேத்திரத்தில் இரு படைகளுக்கும் நடுவே தேரை நிறுத்தி நோக்கியபோது, அவன் கண்ணிற் பட்டவை பறவையின் தலையல்ல. பாட்டனும் ஆசிரியனும் உறவினருமே. உடல் நடுங்கிற்று, காண்டீபம் கையினின்று நழுவிற்று. நனவுமனம் குறுக்கிட்டமையால் பழக்கம் செயலற்றதைக் காட்டும் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உலக இலக்கியத்தில் உண்டோ என ஐயுறுகின்றோம். ஆயினும், அந்நடுக்கத்தைக் கோழைமை என ஒதுக்கிவிடாமல், அதற்கு விடையாகப் பதினெட்டு அத்தியாயங்களை நம் முன்னோர் வைத்தனர். வில்லை மீண்டும் எடுக்குமுன் அவன் வினவவேண்டியிருந்தது. வினவியதற்கு விடை பெறவேண்டியிருந்தது.

எனவே, அருச்சுனன் கதையை மாணவர்க்குக் கூறும் ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அதனை முழுமையாகக் கூறுங்கள். விளக்கு அணைந்த இரவினின்று தொடங்கித் தேர் நின்ற களம்வரை கூறுங்கள். கணக்கைப் பலகாற் செய்து பழகாத மாணவனை நோக்கி மனத்தை ஒருமுகப்படுத்து என்று கூறுதல், வில்லே எடாதவனைப் பார்த்துப் பறவையின் தலையை மட்டும் காண் என்பதை ஒக்கும். அவன் தலையை மட்டுமே காண முயல்வான். அம்போ மரத்தையும் தாண்டிச் செல்லும். அவனுக்கு முதலில் வேண்டுவது இருளிலும் எய்து பழகும் பொறுமை. அது கைவந்தபின் ஒருமை தானே வரும். ஒருமை வந்தபின், எய்யத்தக்கது எது என்னும் வினா அவன் முன் நிற்கும். அவ்வினாவுக்குக் கை விடை கூறாது. அதற்கு விடை காண அவனைத் தகுதியாக்குவதே கல்வி.